நங்கூரம் சேர்ந்த நாக்கு

போன வாரம் ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். முன்கண்ணாடிக்கு மேலே ஓட்டுநர் ஒரு ஜெபமாலையைத் தொங்கவிட்டிருந்தார். வண்டி பள்ளத்தில் இறங்கினால் சிலுவை முன்னால் போய்க் கண்ணாடியைத் தட்டும். மேட்டில் ஏறினால் பின்னால் வரும். நடுவில் ஒரு தெருவில், தார் பெயர்ந்து அலை அலையாகக் கிடந்த இடத்தில், வண்டி குதியாய்க் குதித்தது. எங்கள் தலையெல்லாம் கூரையில் இடித்தது. மாலை மட்டும் எதையும் தட்டாமல் வண்டியோடு சேர்ந்தே ஆடிக்கொண்டு வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. என் வயதில் நிறுத்தத்தை விடுகிறவர்களுக்கு மறதி காரணம். எனக்கு இயற்பியல்.

பாடப் புத்தகத்து ஊசலுக்குக் கொடுத்துவைத்த வாழ்க்கை. அசையாத ஆணி, நீளாத நூல், காற்றே இல்லாத அறை. அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். நான் பார்த்த உலகத்தில் எந்த ஆணியும் அசையாமல் இருந்ததில்லை. மீன்பிடிக்கிற வத்தைப் படகில் கட்டிய அரிக்கேன் விளக்கு, ரயில் கொக்கியில் மாட்டிய மஞ்சள் பை, கூடை சுமந்து நடக்கிறவள் காதில் ஆடும் பாம்படம், எல்லாமே தொங்குகிற இடமும் சேர்ந்து ஆடுகிற ஊசல்கள்தாம். கல்லூரியில் அந்தப் பகுதி வந்தபோது எங்கள் பேராசிரியை, "இது பரீட்சைக்கு வராது, பக்கத்தைத் திருப்புங்கள்" என்றார். சொன்ன மாதிரியே பரீட்சைக்கு வரவில்லை. எனக்கு வேலை கிடைத்த பிறகு, மண்டபம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு மாதா கோயில் கோபுரத்துக்கு வந்தது.

ஐம்பதுகளின் கடைசி. எனக்குச் சொந்த ஊர் கமுதிப் பக்கம். மிளகாய் வற்றல் காய்கிற களத்தில் தும்மித் தும்மி வளர்ந்தவள். பி.எஸ்ஸி. முடித்து வாத்தியார் படிப்பையும் முடித்தபோது, கன்னியர் மடத்துப் பெண்கள் பள்ளியில் விஞ்ஞான டீச்சர் வேலை கிடைத்தது. அய்யாதான் கொண்டுவந்து விட்டார். கடற்கரை நெடுகக் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்து, "நம்ம ஊர்ல மொளகா, இங்கன மீனு. வெயிலு ஒண்ணுதேன் தாயி" என்று சமாதானம் சொன்னார். சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் இல்லை என்று மத்தியான ரயிலுக்கே கிளம்பிவிட்டார். அவர் தோள் துண்டு மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கும் வரை நின்று பார்த்தேன். பிறகு அறைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தேன். அதில் செய்ய வேறொன்றும் இல்லை.

பள்ளிக்கூடம் விட்டால் பேச ஆள் கிடையாது. கன்னியர்களுக்கு ஜெப நேரம். ஊருக்கு நான் உள்நாட்டுக்காரி, சிலுவை போடத் தெரியாதவள், அதற்கு மேல் டீச்சர். மரியாதையாக எட்ட நின்று கும்பிடுவார்கள். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலத்தைக் கூடத் தள்ள முடியாது. ராமேஸ்வரம் போகிற ரயில் பாலத்தில் ஏறும் சத்தம் கேட்கும். பாலத்தின் மேல் ரயில் ஊர்ந்துதான் போகும். அதில் இருக்கிற அத்தனை பேரும் யாரோடோ பேசிக்கொண்டு போவதாக எனக்குத் தோன்றும். ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் சனிக்கிழமையே பயம் வந்துவிடும்.

கல்யாணமாகாத பெண் ஒற்றையில் படுக்கக் கூடாது என்று மடத்து மதர் ஒருத்தியைத் துணைக்கு அனுப்பினார். அவள்தான் மரியபுஷ்பம். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவள். அவள் புருஷன் அருளப்பன் கடலுக்குப் போன இடத்தில் காற்றில் சிக்கி இறந்துபோயிருந்தான். உடல் முதலில் கரை ஒதுங்கியது, வத்தை பிறகு ஒதுங்கியது. அதுமுதல் புஷ்பமும் மாமியார் அந்தோணியம்மாவும் ஒரே குடிசையில் இருந்தார்கள். பகலெல்லாம் மாமியாரோடு மீன் கூடை சுமப்பாள். பொழுது சாயும்போது மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து எனக்கு ஒரு குடம் நல்ல தண்ணீரோடு வருவாள். இரண்டு பேருக்கும் சேர்த்து நான் உலை வைப்பேன். மீன் அவள் பொறுப்பு.

எனக்கு அப்போது மீன் சாப்பிடத் தெரியாது. முள் எது, சதை எது என்று பிரிப்பதற்குள் சோறு ஆறிவிடும். "பெரிய படிப்பு படிச்சு என்ன டீச்சர், ஒரு சாளைக்கு முள்ளெடுக்கத் தெரியலையே" என்று சிரித்துக்கொண்டே என் தட்டை இழுத்து, முள்ளை எடுத்துவிட்டுத் திரும்பத் தள்ளுவாள். கமுதியில் என் அம்மா கூட அப்படி ஊட்டி வளர்க்கவில்லை. அந்த ஒரு வருஷம் நான் ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பயப்படவில்லை.

அந்த வருஷக் கோயில் திருவிழாவுக்கு அக்கரையிலிருந்து சந்தியாகு என்று ஒருவர் வந்தார். அக்கரை என்றால் மன்னார்த் தீவு. தனுஷ்கோடியில் கப்பல் ஏறினால் தலைமன்னாரில் இறங்கலாம். பெண்டாட்டியை இழந்தவர், நிதானமானவர், பேச்சு குறைவு. உறவுக்காரர்கள் பேசி, புஷ்பத்துக்கும் அவருக்கும் கல்யாணம் என்று முடிவானது. எல்லாரும் பயந்தது அந்தோணியம்மாவுக்கு. அவளோ, "போறவள மறிக்க நா யாரு? அவளுக்கு வயசிருக்கு" என்று ஒரே பேச்சில் சம்மதம் சொல்லிவிட்டாள். நானும் எனக்கு ரொம்பச் சந்தோஷம் என்று புஷ்பத்திடம் சொன்னேன். பொய் இல்லை. ஆனால் அன்று ராத்திரி என் தட்டை நானே இழுத்து வைத்துக்கொண்டு முள்ளெடுத்துப் பார்த்தேன்.

இப்போது மணிக்கு வரவேண்டும்.

கோயில் கோபுரத்தில் பெரிய வெண்கல மணி ஒன்று தொங்கியது. கீழே நின்று கயிற்றை இழுத்தால் மணியே முழுதாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். உள்ளே இருக்கிற நாக்கு போய் விளிம்பில் மோதும். பூசைக்கு மட்டும் இல்லை, கடலில் மூட்டம் போட்டால் வத்தைகளைக் கரைக்குக் கூப்பிடுவதும் அந்த மணிதான். கல்யாணத்துக்கு முந்தின வாரம், உப்புக் காற்று அரித்து அரித்து நாக்கின் நுனி உடைந்து விழுந்துவிட்டது. கொல்லர் பார்த்துவிட்டு, நல்ல இரும்பு கொடுத்தால் ஒட்டவைத்துத் தருகிறேன் என்றார்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் செத்தவன் வத்தையின் நங்கூரத்தை வேறு எந்த வத்தையிலும் ஏற்றமாட்டார்கள். விற்கவும் மாட்டார்கள். அருளப்பனின் நங்கூரம் குடிசைக்குப் பின்னால் மணலில் பாதி புதைந்து கிடந்தது. புஷ்பம் அதைக் கொண்டுபோய்க் கோயில் வாசலில் வைத்தாள். "நான் போயிட்டா இத யாரு பாப்பா? அவுகதான் உசுரோட கரைக்கு வந்து சேரல. அவுக இரும்பாச்சும் மத்தவுகளக் கூப்புடட்டும்" என்றாள். அந்தோணியம்மா பக்கத்தில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஊருக்கே மனம் இளகிவிட்டது. இளகியதில் கொஞ்சம் அதிகமாகவே ஆசைப்பட்டார்கள். பழைய அளவு எதற்கு, நங்கூரத்தின் ஒரு கையை முழுசாகவே சேர்த்துவிடுங்கள், நாக்கு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் சத்தம் போகும், ஆழ்கடலில் நிற்கிறவனுக்கும் கேட்கும் என்றார்கள். கொல்லரும் நாக்கின் குண்டுக்குக் கீழே முழக் கணக்கில் வால் வைத்து அடித்துக் கொடுத்தார்.

மாட்டி முடிக்கையில் கல்யாணத்துக்கு முந்தின நாள் பொழுது சாய்ந்துவிட்டது. கோயில் உபதேசியார் சூசை மேலே ஏறி, இரண்டு கையாலும் நாக்கைப் பிடித்து மணியில் ஒரு மோது மோதினார். காது அடைத்துப்போனது. கீழே நின்றவர்கள் கைதட்டினார்கள். கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலைக் கல்யாணப் பூசை. புஷ்பம் வெள்ளைச் சேலையில் வாசலில் நின்றாள். அவளுக்குப் பூ வைத்துவிட்டது நான்தான். உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டு கயிற்றை இழுத்தார். மணி ஆடியது. சத்தம் இல்லை. இன்னும் பலமாக இழுத்தார். கோபுர ஜன்னலுக்கு வெளியே வரைக்கும் மணி வீசி வீசி ஆடியது. சத்தமே இல்லை. "ஏலே, வந்து பிடிங்கடா" என்று இரண்டு வாலிபர்களைக் கூப்பிட்டார். மூன்று பேர் தொங்கி இழுத்தார்கள். கயிறு முறுகுகிற சத்தமும் தலைக்கு மேலே மரச்சட்டம் முனகுகிற சத்தமும்தான் கேட்டன. அவ்வளவு பெரிய வெண்கலம் கண்ணெதிரே ஆடிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்ததைப் பார்க்க எனக்கே உடம்பு சிலிர்த்தது.

அப்போதுதான் அந்தோணியம்மா தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். "எம் மகன் மறிக்கிறான். எய்யா, எம் மகன் மறிக்கிறான்."

அதற்குப் பிறகு யார் வாயை யார் மூட முடியும்? அவன் இரும்பு, அவன் பெண்டாட்டி, அவன் மறிக்கிறான். நேற்றுக் கைதட்டிய ஊர் இன்று அடியடியாகப் பின்னால் நகர்ந்தது. கோயில் சாமியார் படித்தவர், நம்பவில்லை. ஆனால் ஊரைப் பகைத்துக்கொண்டு தாலிக்கு மந்திரிக்க அவருக்கும் துணிவில்லை. "பெத்தவ மனசு சமாதானம் ஆகட்டும். அவ சரின்னா நான் அன்னைக்கே முடிச்சு வைக்கிறேன்" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். சந்தியாகு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். "டீச்சர், என்ர விசா இந்தக் கிழமையோட முடியுது. நான் கப்பல் ஏறோணும். திரும்ப எப்ப விடுவாங்களோ தெரியாது." புஷ்பம் நான் வைத்த பூவை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு உபதேசியாரிடம் இன்னொரு தடவை இழுங்கள் என்று கேட்டுக்கொண்டு, தள்ளி நின்று அண்ணாந்து பார்த்தேன். மணி வலது பக்கம் போனால் நாக்கும் வலது பக்கம். மணி திரும்பினால் அதுவும் திரும்பியது. கைகோத்துக்கொண்டு போகிற இரண்டு பேர் மாதிரி, நாக்கு மணிக்கு நட்ட நடுவிலேயே இருந்தது. எட்டிப் போனால்தானே மோதுவதற்கு? நாக்கு ஓர் ஊசல். அது தொங்குகிற இடம் ஆடுகிற மணியில் இருக்கிறது. நாக்கின் நீளம் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு வந்துவிட்டால், மணியின் ஆட்டமும் அதன் ஆட்டமும் ஒன்றாகிவிடும். நங்கூரத்தின் கை மிகச் சரியாக அந்த அளவுக்குக் கொண்டுவந்து விட்டிருந்தது. பேராசிரியை திருப்பச் சொன்ன பக்கத்தில் இருந்தது இதுதான். எனக்கு அதன் சமன்பாடு நினைவில்லை. படம் மட்டும் நினைவில் இருந்தது. பாதகமில்லை, ஊரில் யாரும் சமன்பாடு கேட்கப்போவதில்லை.

ஒரு சிரட்டையைக் கவிழ்த்து, ஒரு குச்சியிலிருந்து இரண்டு பக்கமும் நூல் கட்டித் தொங்கவிட்டேன். சிரட்டையின் உச்சியிலிருந்து உள்ளே, வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு ஒன்றை நூலில் தொங்கவிட்டேன். குண்டின் நூலைக் கூட்டியும் குறைத்தும் பார்த்ததில் மத்தியானம் போய்விட்டது. எந்த நீளத்தில் வைத்தாலும் குண்டு சிரட்டையைத் தட்டத்தான் தட்டியது. இயற்பியல் என்னைக் கைவிட்டுவிட்டது என்று அழுகை வந்த நேரத்தில் ஓர் இடத்தில் சத்தம் நின்றது. அந்த இடத்தில் முடிச்சுப் போட்டு, அந்தோணியம்மா குடிசைக்கு எடுத்துப் போனேன்.

அவள் வலை முடிந்துகொண்டிருந்தாள். நான் ஒன்றும் விளக்கவில்லை. குச்சியை அவள் கையிலேயே கொடுத்து, ஆட்டச் சொன்னேன். ஆட்டினாள். சிரட்டையும் குண்டும் ஊமையாக ஆடின. நூலை ஒரு விரற்கடை சுருக்கிக் கட்டிக் கொடுத்தேன். டக் டக் என்று அடித்தது. அவிழ்த்துப் பழைய முடிச்சுக்கே கொண்டுபோனேன். ஊமை. பிறகு அவளே என் கையைத் தட்டிவிட்டு நூலைக் கூட்டினாள், குறைத்தாள். வலை முடிகிற விரல்களுக்கு முடிச்சு ஒரு பெரிய காரியமா? திரும்பத் திரும்ப ஆட்டினாள். அவள் காதில் பாம்படமும் கூடவே ஆடியது.

"நீளந்தானா?"

"நீளந்தான்மா."

"வேற ஒண்ணும் இல்ல?"

"இல்லம்மா."

குச்சியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப அங்கன எம் மகன் இல்லையா?"

அவளாகவே சொன்னாள். "கோவத்துலயாச்சும் வந்து நிக்கிறானேன்னு இருந்துச்சு டீச்சரம்மா. போனவன் இத்தன நாளு கழிச்சு ஆத்தா பக்கத்துல வந்தானேன்னு இருந்துச்சு."

நான் ஒரு கல்யாணத்தைக் காப்பாற்றத்தான் போனேன். அவளிடம் மிச்சமிருந்த மகனை எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்பது எனக்குத் தெரியாது. அந்த வயதில், தெரிந்த உண்மையைச் சொல்வது எல்லாருக்கும் நல்லது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். இப்போதும் ஏறக்குறைய அப்படித்தான் நம்புகிறேன்.

குச்சியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் சொன்னாள். "சாமியார்ட்ட சொல்லுங்க. வாலை வெட்டிரட்டும். வெட்டுனத எங்கிட்ட குடுக்கணும், வேற எங்கனயும் போடக் கூடாது."

கொல்லர் வெட்டினார். உபதேசியார் இந்தத் தடவை கயிற்றை இழுத்தே பார்த்தார். முதல் ஆட்டத்திலேயே மணி அடித்தது. ஜனங்கள் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எட்ட நின்று கும்பிட்டவர்கள் முதல் தடவையாகக் கிட்டே வந்தார்கள். மறுநாள் தாலி கட்டினார்கள். அந்தோணியம்மா முன்வரிசையில் மடியில் துணி சுற்றிய இரும்போடு உட்கார்ந்திருந்தாள்.

அன்று மத்தியானமே ரயில். மண்டபம் ஸ்டேஷனுக்கு நானும் போனேன். ஜன்னலுக்கு உள்ளிருந்து புஷ்பம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாளையில முள்ளு பாத்துத் திங்கணும் டீச்சர். அவசரப்படக் கூடாது" என்றாள். அவள் தலைக்கு மேலே கொக்கியில் ஒரு பை தொங்கியது. "சரி" என்றேன். ரயில் நகர்ந்ததும் பை ஒரு தடவை பின்னால் சாய்ந்து, பிறகு ரயிலோடு சேர்ந்து ஆடத் தொடங்கியது. வண்டி பாலத்தில் ஏறுகிற நேரம் பார்த்து, வழியனுப்பும் மரியாதைக்காக உபதேசியார் மணியை அடித்தார். தண்ணீர் மேல் அந்தச் சத்தம் அவ்வளவு தூரம் போனது. நான் வாய் திறக்கவைத்த மணி. அது ஊமையாகவே இருந்திருக்கலாம் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. ஆனால் அன்றைக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

சாயங்காலம் கைப்பழக்கத்தில் இரண்டு பேருக்கு உலை வைத்துவிட்டேன். வடித்த பிறகுதான் தெரிந்தது. பாதிச் சோற்றைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு அந்தோணியம்மா குடிசைக்குப் போனேன். அவள் விளக்கேற்றாமல் உட்கார்ந்திருந்தாள். வெட்டிய இரும்பை வலைக்கயிற்றில் கட்டி, கூரைக் கம்பிலிருந்து தொங்கவிட்டிருந்தாள். கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. கூரை ஆடியது, கம்பு ஆடியது, அதோடு இரும்பும் ஆடிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை.

"பாருங்க, தானா ஆடுது" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, பயந்துகொண்டு கேட்டாள். "இதுக்கும் ஏதாச்சும் கணக்கு இருக்கா டீச்சரம்மா?"

கூரை எத்தனை விரற்கடை நகர்கிறது, கயிறு என்ன நீளம் என்று பார்த்தால் போதும். எனக்குத் தெரியும்.

"இதுக்குக் கணக்குக் கெடையாதும்மா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு, தூக்குவாளியைத் திறந்து இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.

நான் மதுரைக்கு மாற்றலாகிப் போன பிறகு அறுபத்து நாலு புயல் வந்தது. தனுஷ்கோடி போனது, ரயில் போனது, கப்பல் துறை போனது. அதுவரை யாராவது வந்துபோகிறவர்கள் மூலம் புஷ்பம் சொல்லி அனுப்புவாள், எனக்கு இரண்டு பையன்கள், சின்னவனுக்கு முள்ளெடுக்கத் தெரியவில்லை, உங்களைப் போல என்று. அதன் பிறகு ஒரு சேதியும் இல்லை. அந்தோணியம்மா புயலுக்கு முந்தியே கண்ணை மூடிவிட்டாளாம். பல வருஷம் கழித்து ஒரு தடவை நான் அங்கே போனபோது, குடிசை இருந்த இடத்தைக் காட்டக்கூட ஆள் இல்லை. அந்த இரும்பை யார் எடுத்தார்கள், எங்கே போட்டார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். சின்ன வயதுக்காரர்கள், "என்ன இரும்பு பாட்டி?" என்றார்கள்.

அப்படிக் கேட்டுக்கொண்டு நின்றபோது பன்னிரண்டு மணி அடித்தது. அண்ணாந்து பார்த்தேன். புதுக் கோபுரம், உச்சியில் ஒலிபெருக்கி. எங்கேயோ பதிவு செய்த மணி, நல்ல கணீரென்ற சத்தம், ஒரு விநாடி பிசகவில்லை. நின்று முழுவதும் கேட்டேன். ஆடுவதற்கு அங்கே எதுவும் இல்லை.